தனிப் படம் வாதாடும், தொகுப்பு சாட்சி சொல்லும்

1786 மே 11 என்று நாள் குறிக்கப்பட்ட ஒரு செப்புத்தகட்டுப் படம் லண்டனில் விற்பனைக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளத் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒட்டகத்தின் மேல் அமர்ந்து வருகிறார். நாடாளுமன்ற எதிரணியின் எட்மண்ட் பர்க் அவரைத் துப்பாக்கியால் சுடுகிறார், சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் குத்துவாளோடு பாய்கிறார், நார்த் பிரபுவும் அவர்களோடு நிற்கிறார். இந்தியாவின் இரட்சகரை அரசியல் கொள்ளையர்கள் தாக்குகிறார்கள் என்பது படத்தின் தலைப்பு. வரைந்தவர் ஜேம்ஸ் கில்ரே. ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து, 1788 மார்ச் 1 அன்று, இன்னொரு படம் வந்தது. இதில் ஹேஸ்டிங்ஸ் இங்கிலாந்தின் தலைமை நீதிப் பொறுப்பாளர் தர்லோ பிரபுவின் தோள்மேல் ஏறி இரத்தக் கடலைக் கடக்கிறார். கடலில் இந்தியர்களின் பிணங்கள் மிதக்கின்றன. அவர் கையில் இறுகப் பிடித்திருப்பவை பண மூட்டைகள். இதை வரைந்தவரும் அதே கில்ரேதான். முதல் படம் மட்டும் கிடைத்தவர், அக்காலத்து ஆங்கிலேயர் ஹேஸ்டிங்ஸைத் தியாகியாகப் பார்த்தார்கள் என்று எழுதிவிடுவார். இரண்டாவது மட்டும் கிடைத்தவர், கம்பெனி ஆட்சியின் கொடுமைக்கு எதிராக ஒரு கலைஞன் பொங்கியெழுந்தான் என்று எழுதுவார். இரண்டையும் நாள்வாரியாக அடுக்கி வைத்திருப்பவர் கையில்தான் வரலாறு இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் நாடாளுமன்றம் ஹேஸ்டிங்ஸ்மேல் குற்றச்சாட்டுகளை ஏற்றது, 1788 பிப்ரவரி 13 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது, காற்று திசைமாறியது. கில்ரேயின் ஊசி அந்தக் காற்றைப் பதிவு செய்தது.

அரசியல் தலைவர்களைக் கேலி செய்த பழைய அச்சுப் படங்களைச் சேகரிப்பதை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகத்தான் பலரும் பார்க்கிறார்கள். அஞ்சல்தலை, நாணயம், தீப்பெட்டி லேபிள் வரிசையில் இதுவும் ஒன்று என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்பதை அரண்மனைகளும் ஓவியக்கூடங்களும் நமக்குச் சேமித்துத் தந்திருக்கின்றன. எண்ணெய் ஓவியத்தில் ஒவ்வொரு மன்னனும் நிமிர்ந்து நிற்கிறான். அதே மன்னன் தெருவில் எப்படித் தெரிந்தான் என்பதைச் சொல்லும் தாள்களை எந்த ஆட்சியும் தன் பொறுப்பென்று எடுத்துப் பாதுகாக்கவில்லை. அவை பிழைத்தது தனிச் சேகரிப்பாளர்களால். ஆனால் அந்தச் சேகரிப்பு ஆவணமாக வேண்டுமானால் அதற்கு ஒரு நெறி வேண்டும். ஒற்றைப் படம் ஒரு கட்சியின் வாதம். எதிரெதிர்ப் படங்கள், நாள், விலை, கடைப்பெயர் எல்லாம் சேர்ந்த வரிசைதான் சாட்சியம். பிடித்த படத்தை மட்டும் பொறுக்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தச் சாட்சியைக் கலைக்கிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் படங்களுக்கு அந்த வரிசையைத் தருவதில் ஒரு சட்டம் பெரிதும் உதவியது. வில்லியம் ஹோகார்த்தும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் போராடிப் பெற்ற 1735ஆம் ஆண்டுச் சட்டம், அச்சுப் படங்களைத் திருட்டுப் பதிப்பிலிருந்து காத்தது. அந்தக் காப்பு வேண்டுமானால் உரிமையாளரின் பெயரையும் முதலில் வெளியிட்ட நாளையும் தகட்டிலேயே பொறிக்க வேண்டும். வியாபாரப் பாதுகாப்புக்காக வந்த இந்த விதி, வரலாற்றாசிரியர்களுக்கு எதிர்பாராத வரமாயிற்று. இன்ன அமைச்சரை இன்ன நாளில் இன்ன தெருவில் இப்படிக் கிண்டல் செய்தார்கள் என்று நாள் தவறாமல் சொல்ல முடிகிறது. அதே காலத்துக் கடிதங்கள் பலவற்றுக்கும் நினைவுக் குறிப்பு நூல்கள் பலவற்றுக்கும் கூட இந்தத் துல்லியம் கிடையாது.

அந்தப் படங்கள் உருவான விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். செப்புத்தகட்டின்மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மையேற்றி, ஈரத்தாளின்மேல் வைத்து அழுத்தி எடுப்பார்கள். பிறகு கடையில் அமர்த்தப்பட்டவர்கள் ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே நீர்வண்ணம் தீட்டுவார்கள். வண்ணமில்லாத படம் ஒரு விலை, தீட்டியது அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு. லண்டன் செயிண்ட் ஜேம்ஸ் தெரு 27ஆம் எண்ணில் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணி நடத்திய கடையில்தான் கில்ரேயின் பெரும்பாலான படங்கள் விற்றன. கில்ரே அந்த வீட்டிலேயே தங்கி வரைந்தார். 1808இல் வந்த ஒரு படத்தில் அந்தக் கடையே இருக்கிறது. சன்னல் கண்ணாடி முழுக்கப் படங்கள், அவற்றைப் பார்த்து நிற்கும் கூட்டம், முன்னால் வழுக்கி விழும் ஒரு கிழவர். தன் பார்வையாளர்களையே அவர் வரைந்து வைத்துவிட்டுப் போனார். பிக்காடிலியில் இருந்த ஃபோர்ஸ் கடை, கட்டணம் வாங்கிக்கொண்டு கேலிப் படத் தொகுப்புகளை ஒரு மாலைப் பொழுதுக்கு வாடகைக்கு விட்டது.

இங்கே முதல் மறுப்பு எழும். ஒரு கூலித் தொழிலாளியின் அன்றாடச் சம்பளத்தை விழுங்கக்கூடிய விலையில் விற்ற பொருளை மக்களின் குரல் என்று எப்படிச் சொல்வது? வாங்கியவர்கள் பிரபுக்களும் வழக்கறிஞர்களும் வணிகர்களும்தானே? நியாயமான கேள்வி. இந்தப் படங்கள் ஏழை லண்டனின் குரல் என்று வாதிடுவது மிகை. வாங்கியவர்கள் மேல்தட்டினர், கேலிக்குள்ளானவர்களும் மேல்தட்டினர், பல நேரம் இருவரும் ஒருவரையொருவர் விருந்துகளில் சந்திப்பவர்கள். ஆனால் கடைச் சன்னலுக்குக் கட்டணம் இல்லை. வாங்க முடியாதவர்களும் நின்று பார்த்தார்கள். காப்பிக் கடைகளிலும் மதுக்கடைகளிலும் சுவரில் ஒட்டியிருந்ததைக் கண்டு சிரித்தார்கள். ஆகவே இவை மக்கள் சொன்னவை அல்ல என்பதை ஒப்புக்கொள்ளலாம். மக்கள் கண்முன் சொல்லப்பட்டவை என்பதை மறுக்க முடியாது. ஒரு நாட்டின் அரசனையும் பிரதமரையும் நடுத்தெருவில் நிர்வாணமாகவும் குடிகாரனாகவும் காட்டலாம் என்ற வழக்கம் எந்த அளவுக்கு வேரோடியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று கிடையாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. காசு வாங்கிக்கொண்டு வரைந்தவர்களின் படம் எப்படிச் சாட்சியாகும்? 1783இல் ஃபாக்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியை நாடாளுமன்றம் நியமிக்கும் குழுவின்கீழ் கொண்டுவர ஒரு மசோதா கொண்டுவந்தார். டிசம்பர் 5 அன்று ஜேம்ஸ் சேயர்ஸ் ஒரு படம் வெளியிட்டார். ஃபாக்ஸ் கீழைநாட்டு அரசனைப்போல் உடுத்தி யானைமேல் ஏறி, கம்பெனியின் தலைமையகம் இருந்த லெடன்ஹால் தெருவுக்குள் பவனி வருகிறார். யானைக்கு நார்த் பிரபுவின் முகம். முன்னால் ஊதுகுழல் ஊதிப் போகிறவர் பர்க். பன்னிரண்டு நாளில் மசோதா பிரபுக்கள் சபையில் தோற்றது, ஃபாக்ஸின் அரசு கவிழ்ந்தது, இளைய பிட் பிரதமரானார். மசோதாவைத் தோற்கடித்ததில் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் நேரடித் தலையீடுதான் முதன்மையானது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் நாடாளுமன்ற விவாதங்களைவிடச் சேயர்ஸின் படங்களே தனக்கு அதிகக் கேடு செய்தன என்று ஃபாக்ஸ் சொன்னதாக எல்டன் பிரபு பதிவு செய்திருக்கிறார். சேயர்ஸுக்குப் பிட் அரசாங்கத்தில் ஒரு சம்பளப் பதவி கிடைத்தது. கில்ரேக்கும் 1797 முதல் ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை வந்தது. பிட்டின் ஆதரவாளர் ஜார்ஜ் கேனிங் முன்னின்று ஏற்பாடு செய்தது அது. பிட் பதவி விலகிய 1801இல் அது நின்றது.

காசு வாங்கியது உண்மை என்பதால் படம் பொய்யாகிவிடுவதில்லை. அது யாருடைய வாதம் என்பது தெளிவாகிறது, அவ்வளவுதான். 1797க்கு முன்னும் பின்னும் கில்ரே வரைந்த பிட்டை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஆண்டுக்கு 200 பவுன் ஒரு கலைஞனின் கையை எங்கே இழுத்தது, எங்கே இழுக்க முடியவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். அதிகாரம் கலையை விலைபேசும் விதத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான ஆவணம் எங்கே கிடைக்கும்? ஆனால் இதற்கும் வரிசை வேண்டும். தனிப் படத்தில் அந்தப் பணம் தெரியாது.

இந்தப் படங்களைக் காத்தவர்கள் யார் என்று பார்த்தால் வியப்புத்தான் மிஞ்சுகிறது. கேலிக்குள்ளானவர்களே முதல் வாடிக்கையாளர்கள். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன வேல்ஸ் இளவரசரை 1792இல் கில்ரே வரைந்த படம் புகழ்பெற்றது. தொந்தி சட்டையைப் பிதுக்க, உண்டு முடித்த மயக்கத்தில் முள்கரண்டியால் பல் குத்திக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் கட்டப்படாத கடன் சீட்டுகள். அந்த இளவரசர் இத்தகைய படங்களைத் தொடர்ந்து விலைக்கு வாங்கினார். தன்னைப் பற்றியவற்றை அடக்கவும் காசு கொடுத்தார். மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்று உறுதி கூறி ஜார்ஜ் க்ருக்ஷாங்க் 1820இல் 100 பவுன் வாங்கினார், அதற்கான ரசீது இன்றும் அரச ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பிறகும் க்ருக்ஷாங்க் அவரை விட்டுவைக்கவில்லை. வின்ட்சர் கோட்டையில் சேர்ந்திருந்த சுமார் 10,000 படங்களை 1921இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் விலைக்கு வாங்கியது. அரச குடும்பத்தை அவமதிக்க அச்சிட்ட தாள்கள் அரண்மனையிலேயே நூறாண்டு பத்திரமாக இருந்து, குடியரசு நாடு ஒன்றின் பொதுச் சொத்தாயின.

இன்னொரு பக்கம், யாரும் கவனிக்காத சேகரிப்பாளர்கள். இயற்கையியல் அறிஞர் ஜோசப் பேங்க்ஸின் தங்கை சாரா சோபியா பேங்க்ஸ், நுழைவுச்சீட்டு, விளம்பரத்தாள், முகவரி அட்டை, கேலிப் படம் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையெல்லாம் சேர்த்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அது கிறுக்குத்தனம் என்றே பலருக்குப் பட்டது. 1818இல் அவர் இறந்தபின் அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. பழம்பொருள் துறைக் காப்பாளராக இருந்த எட்வர்டு ஹாக்கின்ஸ் சொந்தமாகச் சேர்த்த பெருந்தொகுப்பை அவர் மறைவுக்குப் பின் 1868இல் அதே அருங்காட்சியகம் வாங்கியது. கிரேக்கச் சிலைகளைக் காப்பது அவர் வேலை. தெருவில் விற்ற தாளைச் சேர்த்தது அவர் விருப்பம். அமெரிக்காவில் வில்மார்த் லூயிஸ், ஆனி பர் லூயிஸ் தம்பதி கனெக்டிகட்டின் ஃபார்மிங்டன் ஊரில் சேர்த்தவை இன்று யேல் பல்கலைக்கழகத்தின் நூலகங்களில் ஒன்று.

சேர்த்தது மட்டும் போதாது என்பதை ஒரு பெண்ணின் உழைப்பு காட்டுகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கேலிப் படங்களுக்கு ஃபிரெடரிக் ஸ்டீபன்ஸ் தொடங்கிப் பாதியில் நின்ற விவரப்பட்டியலை, வரலாற்றாசிரியர் டாரதி ஜார்ஜ் எடுத்து 1935 முதல் 1954 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். இரண்டு பேர் உழைப்பும் சேர்ந்து 17,000க்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றிலும் யார் யார் நிற்கிறார்கள், எந்த விவாதத்தைச் சுட்டுகிறது, எந்த வதந்தி, எந்த வழக்கு என்று விளக்கம். 1805 பிப்ரவரி 26இல் வந்த கில்ரேயின் உலகப் புகழ்பெற்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்டும் நெப்போலியனும் எதிரெதிரே அமர்ந்து, உலக உருண்டையைப் பண்டமாக வெட்டித் தின்கிறார்கள். இன்று தனியாகப் பார்க்கிறவர்களுக்கு அது வென்றவர்களின் கர்வமாகத் தெரியும். அந்த ஜனவரியில் நெப்போலியன் சமாதானத்துக்குத் தூது விட்டிருந்தார். டிராஃபால்கர் போருக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. யார் ஜெயிப்பார்கள் என்று லண்டனில் எவருக்கும் தெரியாத நாளில் வரைந்த படம் அது. அடியில் பொறித்த தேதி இல்லாவிட்டால் அந்தப் பதற்றம் நமக்கு எட்டாது.

அதே நெப்போலியனைக் கில்ரே, பெரிய தொப்பிக்கும் பூட்ஸுக்கும் நடுவே காணாமல் போகும் குள்ளனாகவே வரைந்து வந்தார். நெப்போலியனின் உயரம் சுமார் 168 செ.மீ. அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஆண்களுக்கு அது குறைந்த உயரமல்ல. இன்றும் உலகம் முழுக்க அவரைக் குள்ளர் என்றே நினைக்கிறார்கள். இருநூறாண்டு கடந்தும் உண்மையை மறைத்து நிற்கிற அந்தப் பொய் எங்கே பிறந்தது, எப்படி மாதத்துக்கு மாதம் வளர்ந்தது என்பதை அடியெடுத்து அடியெடுத்துக் காட்டுவது இந்தப் படத் தொகுப்புகள்தாம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1797 ஜூனில் கில்ரே வரைந்த ஒரு படத்தில், ரூபாயைப் பட்டமாகச் சூட்டிக் கேலி செய்யப்பட்ட ஒருவர் ஹைட் பார்க்கில் குதிரைமேல் போகிறார். அவர் பால் பென்ஃபீல்டு. சென்னையில் கம்பெனி ஊழியராக இருந்து, ஆற்காடு நவாப் முகமது அலிக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் என்று சொல்லப்படுபவரும் அவரே. 1776இல் தஞ்சையை மன்னர் துளஜாஜியிடம் ஆளுநர் பிகட் திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சையின் வருவாய்மேல் தனக்கு 2,34,000 பவுன் பாக்கி என்று உரிமை கோரினார் பென்ஃபீல்டு. காவிரிக் கரையில் விளைந்த நெல்லின்மேல் ஒரு கம்பெனி ஊழியர் போட்ட கணக்கு அது. அந்தத் தகராறு முற்றி ஆளுநரே சொந்த ஆலோசனை சபையினரால் கைது செய்யப்பட்டார், காவலிலேயே இறந்தார். 1785 பிப்ரவரி 28 அன்று நவாபின் கடன்களைப் பற்றிப் பர்க் ஆற்றிய உரையில் கடுமையாகத் தாக்கப்பட்டவரும் பென்ஃபீல்டுதான். எந்தத் தண்டனையும் அவரைத் தொடவில்லை, நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். தஞ்சைச் சீமையின் பணம் லண்டன் பூங்காவில் குதிரை ஏறிச் சென்ற காட்சியை நாள் குறித்துப் பதிந்து வைத்திருப்பது ஒரு கேலிப் படம். தமிழ் வரலாற்று நூல்களில் இந்தப் படத்துக்கு இடம் தராமலிருப்பது குறை என்றே கருதுகிறேன்.

மூன்றாவது மறுப்பு அறம் சார்ந்தது. இந்தப் படங்களில் பல அருவருப்பானவை. யூதர், ஐரிஷ்காரர், கறுப்பின மக்கள், இந்தியர் எல்லாரும் கேவலப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். 1784 வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலில் ஃபாக்ஸுக்கு வாக்குக் கேட்ட டெவன்ஷயர் சீமாட்டி ஜார்ஜியானாவை முத்தம் கொடுத்து ஓட்டு வாங்குகிறவளாக வரைந்து தள்ளினார்கள். இவற்றைப் பாதுகாப்பது வெறுப்பைப் பாதுகாப்பதாகாதா? சுவரில் அலங்காரமாக மாட்டினால், ஆகும். நாள் வரிசையில் ஆவணமாக வைத்தால் ஆகாது. ஜார்ஜியானாவைப் பற்றிய ஒரு படம் ஒரு கேலி. அந்த ஒரே வசந்த காலத்தில் வந்த பல படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, பொதுவாழ்வுக்கு வந்த ஒரு பெண்ணைத் துரத்த ஒரு நகரம் எவ்வளவு பாடுபட்டது என்பது தெரிகிறது. குற்றத்தின் தடயத்தை அழித்துவிட்டால் குற்றம் செய்தவனுக்குத்தான் லாபம்.

அழிக்க முயன்றவர்களும் உண்டு. 1834 ஏப்ரலில் பாரிஸின் டிரான்ஸ்நோனான் தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்து படைவீரர்கள் அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். ஒனொரே தோமியே அதைக் கல்லச்சில் வரைந்தார். இரவு உடையில் தரையில் கிடக்கும் ஓர் ஆண், அவர் உடலுக்கடியில் நசுங்கிய குழந்தை. அதில் கேலி ஒரு துளிகூட இல்லை. அரசு கல்லையும் கையில் கிடைத்த பிரதிகளையும் பறிமுதல் செய்தது. அபராதங்களைச் சமாளிக்கப் பதிப்பாளர் ஃபிலிப்போன் நடத்திய மாதச் சந்தாத் திட்டத்தில் வெளியான படம் அது. பறிமுதலுக்குத் தப்பிச் சந்தாதாரர் போன்றோரின் வீடுகளில் மிஞ்சிய பிரதிகளே இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிரான்சில் அரசியல் கேலிப் படங்களுக்கு முன்தணிக்கை வந்துவிட்டது.

இப்போது எல்லாம் கணினித் திரையில் கிடைக்கிறதே, தாள் எதற்கு என்பார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் படங்களை இணையத்தில் திறந்து வைத்திருப்பது பெரிய கொடை. படிக்க அது போதும். ஆனால் எது அசல் என்று தீர்மானிக்கத் தாள்தான் வேண்டும். கில்ரேயின் தகடுகள் கைமாறிக் கைமாறி ஹென்றி போன் என்ற பதிப்பாளரிடம் வந்து சேர்ந்தன. அவர் 1851ஐ ஒட்டி அவற்றைத் தாளின் இருபுறமும் அச்சிட்டுப் பெரிய நூலாக வெளியிட்டார். அதே தகடு, அதே தேதி, ஆனால் அரை நூற்றாண்டு பிந்திய அச்சு. பின்னால் அந்த நூலைப் பிரித்து, வண்ணமும் தீட்டி, பழைய பிரதியென்று விற்றவர்கள் உண்டு. தாளைத் திருப்பி மறுபுறம் பார்த்தாலே பல நேரம் குட்டு வெளிப்படும். வெளிச்சத்தில் பிடித்துத் தாள் ஆலையின் நீர்க்குறியைத் தேடினால் ஆண்டே கிடைக்கலாம். தகட்டின் விளிம்பு ஈரத்தாளில் பதிந்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். இவை எதையும் திரை காட்டாது.

இதே காரணத்தால், படத்தை அழகுபடுத்த நினைத்து விளிம்பை வெட்டுவதுதான் சேகரிப்பில் நடக்கும் பெரிய நாசம். பழைய ஆல்பங்களில் ஒட்டுவதற்காகப் பலர் கீழ்விளிம்பை வெட்டிவிட்டார்கள். கடைப்பெயரும் தேதியும் அதோடு போயின. 1868 முதல் 1914 வரை லண்டனில் வந்த ‘வேனிட்டி ஃபேர்’ வார இதழின் வண்ணப் படங்களுக்கு நேர்ந்ததும் இதுதான். ஏப், ஸ்பை என்ற புனைபெயர்களில் கார்லோ பெல்லக்ரினியும் லெஸ்லி வார்டும் வரைந்த தலைவர்களும் நீதிபதிகளும் இன்று வழக்கறிஞர் அலுவலகங்களை அலங்கரிக்கிறார்கள். ஒவ்வொரு படத்துடனும் அந்த மனிதரைப் பற்றிக் கூர்மையாக எழுதிய ஒரு பக்கம் வந்தது. படத்தைக் கிழித்தெடுத்தவர்கள் அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் எறிந்துவிட்டார்கள். கேலி போய் அலங்காரம் மிஞ்சியது.

விலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. புகழ்பெற்ற சில படங்கள் ஏலத்தில் எளியவர் கைக்கு எட்டாத விலைக்குப் போகின்றன. ஆனால் பெயர் அறியாத ஓவியர்கள் வரைந்த, மறந்துபோன ஒரு வரிவிதிப்பையோ இடைத்தேர்தலையோ பற்றிய படங்களை நாடுவோர் குறைவு. வரிசையை நிறைவு செய்பவை அவைதாம். என் தீர்ப்பில், கில்ரேயின் ஒரு புகழ்பெற்ற படத்தை வாங்கி மாட்டியவரைவிட, ஒரே ஒரு மசோதாவைப் பற்றி இருதரப்பிலும் வந்த இருபது சாதாரணப் படங்களைத் தேடிச் சேர்த்தவர் பெரிய சேகரிப்பாளர்.

தமிழில் அரசியல் கருத்துப்படத்தின் தொடக்கம் பாரதியின் ‘இந்தியா’ வார இதழ். 1906இல் சென்னையில் தொடங்கி, 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்து, 1910இல் நின்றது. கர்சன் முதல் மிண்டோ வரை வைசிராய்களின் ஆட்சி சூடாக விவாதிக்கப்பட்ட காலத்தில் அதன் முதல் பக்கங்களில் வந்த படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1994இல் நூலாக்கினார். பல இடங்களில் சிதறிக் கிடந்த இதழ்களை யாரோ எறியாமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. அதற்குப் பின் வந்த நூறாண்டுத் தமிழ்க் கருத்துப்படங்களில் எவ்வளவோ இன்னும் வீட்டுப் பரண்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் பழைய வார இதழோ தேர்தல் துண்டறிக்கையோ கேலிச் சுவரொட்டியோ இருந்தால் படத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். இதழை முழுதாக வையுங்கள். தேதி, விலை, அச்சகப் பெயர் உள்ள பக்கத்தைக் கிழிக்காதீர்கள். உங்கள் கட்சிக்குப் பிடிக்காத படத்தையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள். வைக்க இடமில்லையென்றால் எடைக்குப் போடுமுன் அருகிலுள்ள ஓர் ஆய்வு நூலகத்தைக் கேளுங்கள்.